ரிப்போர்ட் நாலு மணிக்கு

தீதி, சாவியை அந்த ஆணியில் மாட்டுங்கள்.
முந்நூற்று நாலு. நான் பார்த்துக்கொள்கிறேன்.
ரிப்போர்ட் நாலு மணிக்கு என்றால்
ஐந்து என்று அர்த்தம்.
அதுவரை அந்த நீல நாற்காலி வரிசையில் மட்டும்
உட்காராதீர்கள்.
அங்கே கடிகாரத்துக்கு நேர் எதிரே
டிவி வைத்திருக்கிறார்கள். சத்தம் இருக்காது.

பதினோரு வருடம் இந்தக் கவுன்ட்டரில்.
ஊர் சுற்றிப் பார்க்க என்று
இந்த லாட்ஜுக்கு ஒருவரும் வந்ததில்லை.
எல்லோர் கக்கத்திலும் ஒரு ஃபைல்.
அதனால் எனக்குத் தெரிந்த சென்னை
ஸ்கேனுக்கும் டாக்டருக்கும் நடுவில்
பார்த்து முடிக்கிற சென்னை.

மெரினா இப்போது வேண்டாம்.
பதினோரு மணி மணல் செருப்பைத் தாண்டிச் சுடும்.
மயிலாப்பூரும் வேண்டாம், நீங்கள் போய்ச் சேர்வதற்குள்
நடை சாத்திவிடுவார்கள்.
நாலு மணி வரை சாமிக்கு ஓய்வு,
அவருக்கும் அதே நாலு மணி.

நேற்று பணம் கட்டும்போது சொன்னீர்களே,
எங்கள் முர்ஷிதாபாத்தும்
ஒரு காலத்தில் தலைநகரம்தான் என்று.
ரசீது கிழித்துக்கொண்டே தலையாட்டினேன்.
எங்கள் கோட்டையில் இன்னும் ஆபீஸ் நடக்கிறது, தீதி.
வாசலில் பையைத் திறக்கச் சொல்வார்கள்,
ஆதார் கேட்பார்கள்.
இந்த வாரம் நீங்கள் காட்டிய ஆதார் போதும்.

மெட்ரோ ஏறி ஹைகோர்ட்டில் இறங்கினால்
பக்கத்துத் தெருவில் ஆர்மேனியர் கோயில்,
குளுகுளுவென்று மரநிழல், ஆள் இருக்காது,
தரையில் பதித்த கல்லில் எல்லாம்
பூவேலையும் எழுத்தும்...
இல்லை. அங்கே வேண்டாம்.
அது இன்னொரு நாள்.

எழும்பூர் மியூசியம் போங்கள்.
ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்பார்.
வாட்ச்மேன் துரைக்கண்ணுவைக் கூப்பிடச் சொல்கிறேன்,
அவர் முகத்துக்கு எண்பது.
வெள்ளிக்கிழமை என்றால் பூட்டு,
இன்று செவ்வாய், தப்பித்தோம்.
வெண்கலச் சிலைகள் இருக்கிற கட்டடம்.
விளக்கை மங்கலாக வைத்திருப்பார்கள்,
முகம் துடைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது.
அர்த்தநாரி ஒருவர் நிற்பார்,
பாதி அவர், பாதி அவள்.
அந்தக் கண்ணாடிக்கு முன்னால் மட்டும்
இன்றைக்கு ரொம்ப நேரம் நிற்காதீர்கள்.
மற்றதையெல்லாம் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும்.

திரும்பும் வழியில் சிந்தாதிரிப்பேட்டை.
கூவத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தலாம்,
நாங்களும் பொத்துவோம்.
உங்கள் பாகீரதி போல இதுவும் ஆறுதான்
என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டுப் பொத்துங்கள்.
மீன் அங்காடியில் கொடுவா என்று கேளுங்கள்.
நீங்கள் தேடிக்கொண்டிருக்கிற பேட்கி அதுதான்,
பெயர்தான் மாறிவிட்டது.
செவுளைத் தூக்கிப் பாருங்கள், உங்களுக்குத் தெரியாததா.
கடுகெண்ணெய் நம் சந்து முனையில் கிடைக்கும்,
உங்கள் ஆட்களுக்காகவே வாங்கி வைக்கிறான்.
மொட்டைமாடியில் அடுப்பு காலியாக இருக்கும்.

சமைத்து எடுத்துப் போங்கள்.
தாதா சாப்பிடக் கூடாது என்று நர்ஸ் சொன்னால்
நீங்கள் சாப்பிடுங்கள்.
பட்டினி கிடக்கும் துணையாள்தான்
இந்த ரோட்டில் முதலில் மயங்கி விழுவது,
எத்தனை பேருக்கு சோடா உடைத்திருக்கிறேன்.

ஃபோனில் சார்ஜ் எவ்வளவு? பதினெட்டா?
கொடுங்கள், பத்து நிமிடம் இங்கே செருகுகிறேன்.

கலங்கரை விளக்கத்தைக் கேட்கிறீர்களா.
லிஃப்ட் இருக்கிறது, மேலே போனால்
கடலும் ஊரும் ஒரே பக்கத்தில் தெரியுமாம்.
நான் ஏறியதில்லை.
அதை விட்டுவைக்கலாம், தீதி.
ஆறு மாதம் கழித்து செக்கப்புக்கு
தாதா நடந்து வருவார் இல்லையா, அப்போது.
டிக்கெட் போடும்போது மட்டும்
திங்கட்கிழமை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
அன்று அதற்கு விடுமுறை.